தீவில் இரண்டு நாள்

கேள்வி: சனி, ஞாயிறு இரண்டே நாள். அலைச்சல் இல்லாமல் ராமேஸ்வரம் தீவில் ஓய்வெடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக. வெள்ளி இரவு சென்னை எழும்பூரில் ரயில் ஏறுங்கள். காலையில் பாம்பன் பாலத்தைக் கடக்கும்போது தூங்கிவிடாதீர்கள். சனிக்கிழமை எந்தத் திட்டமும் வேண்டாம். நன்றாகத் தூங்கி, மீன் குழம்போடு சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஓலைக்குடா கரையில் நடந்தால் போதும்.

தனுஷ்கோடியை ஞாயிறு காலைக்கு வையுங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இடிந்த தேவாலயச் சுவர்களின் முன் படம் எடுக்குமுன் சற்று நேரம் சும்மா நில்லுங்கள். எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்த இடம். அதை அடுத்துள்ள அரிச்சல்முனையில் நீரோட்டம் பொல்லாதது, கடலில் இறங்கவே கூடாது. நிழல் கிடையாது, தண்ணீரும் குடையும் அவசியம்.