திரை மங்கலா? மூடி வைக்காதீங்க!



கணினித் திரையில் எழுத்து மங்கலாத் தெரிஞ்சா, "மானிட்டர் போச்சு"ன்னு உறை போட்டு மூடிடுறோம். மூணு பேருக்கு ஒரு கணினிதான் இருக்கு. அதனால் நமக்குத்தான் நஷ்டம். பல நேரம் அது பழுதே இல்லை.

கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, திரையும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 என்றால் மொத்தம் 20,73,600 புள்ளிகள். இந்த அளவுதான் ரெசொல்யூஷன். கணினி 1024 x 768 (அதாவது 7,86,432 புள்ளிகள்) மட்டும் அனுப்பினால், திரை அதை இழுத்து நிரப்பும். வட்டம் முட்டை மாதிரி ஆகும். 'க்' மேலே உள்ள புள்ளிகூட கலங்கிவிடும்.

நான் பார்க்கும் வரிசை:

1. கணினியை அணைத்துவிட்டு, விஜிஏ கேபிளின் திருகு இறுக்கமா இருக்கான்னு பாருங்க. அதில் நீல நிறத்துக்கான ஊசி சரியாகச் சேரலைன்னா, வெள்ளை மஞ்சளாத் தெரியும்.

2. விண்டோஸ் 10 என்றால், டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போங்க. ரெசொல்யூஷன் பட்டியலில் 'ரெக்கமண்டட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்க.

3. அளவை மாத்தினதும் திரை கறுத்துட்டா பயப்படாதீங்க. எதையும் தொடாமல் சுமார் 15 விநாடி இருங்க. பழைய அளவே திரும்பி வரும்.

4. சரியான அளவு பட்டியலிலேயே இல்லைன்னா, டிஸ்ப்ளே டிரைவர் என்ற மென்பொருள் போடணும். ஆசிரியரிடம் சொல்லுங்க.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகலைன்னா பழுதுன்னு சொல்லலாம். ஒரு கணினி மீண்டாலும் இன்னும் மூணு பேர் படிக்கலாமே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி