சத்தத்துக்கு ஒரு கதவு

"எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்குப் பாட்டைப் பத்தி என்னடா தெரியும்?" என்று கேட்டுவிடாதீர்கள். கம்பேரட்டர் சர்க்யூட்டை எனக்குப் புரிய வைத்ததே ஒரு பாட்டுதான்.

இங்கிலாந்தின் ஃபில் காலின்ஸ் 'ஜெனிசிஸ்' குழுவின் டிரம்மர். பிறகு அதன் பாடகரும் ஆனவர். முதல் திருமணம் முறிந்து தனித்திருந்த நாட்களில், வீட்டிலேயே 8 டிராக் டேப்பில் பாடல்களைப் பதிந்து வைத்தார். அவற்றிலிருந்து பிறந்ததுதான் 1981 பிப்ரவரியில் வந்த 'ஃபேஸ் வேல்யூ', அவருடைய முதல் தனி ஆல்பம். பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. மூன்று பாடல்கள் சிங்கிளாக, அதாவது தனித்தட்டாக, அங்கே வெளிவந்தன. 'இன் தி ஏர் டுநைட்' 2-ஆம் இடம், 'ஐ மிஸ்டு அகெய்ன்' 14, 'இஃப் லீவிங் மீ இஸ் ஈஸி' 17. ஆல்பத்தில் வயலின் வாசித்திருப்பவர் சென்னையில் பிறந்த எல். சங்கர்!

முதல் சிங்கிளைக் கேளுங்கள். ரோலண்ட் சி.ஆர்-78 ரிதம் மெஷின் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தில் சுமார் 3 நிமிடம் 40 விநாடியில் நிஜ டிரம் தடதடவென்று இறங்கும். ஒவ்வோர் அடியும் பெரிய மண்டபத்தில் விழுந்த மாதிரி முழங்கி, சட்டென்று அறுந்துபோகும். எதிரொலி மெல்லத்தானே அடங்க வேண்டும்? இது எப்படி?

1980-இல் வெளியான பீட்டர் கேப்ரியல் ஆல்பத்தின் பதிவு, லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோ. டிரம் வாசித்தவர் காலின்ஸ், இன்ஜினியர் ஹியூ பட்ஜம். கலைஞர்கள் பேசுவதைக் கேட்க அறையில் ஒரு மைக் தொங்கியது. தூரத்துப் பேச்சும் கேட்கட்டும் என்று அதில் பலமான கம்ப்ரஸர். தற்செயலாக அதன் வழியே டிரம் கேட்டது. பிரமாண்டம்! ஆனால் அந்த மைக்கைப் பதிவு செய்ய வழியில்லை. வயரிங்கை மாற்றிக் கொடுத்தவர்கள் யார்? நம்மைப் போன்ற டெக்னீஷியன்கள்தான்.

கம்ப்ரஸர், உரத்த ஒலியை அமுக்கிச் சன்ன ஒலியைத் தூக்கும். அதனால் எதிரொலி வீங்கும். அடுத்தது நாய்ஸ் கேட். சிக்னலை ரெக்டிஃபை செய்து, கம்பேரட்டரில் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜோடு ஒப்பிடும். மேலே இருந்தால் கதவு திறப்பு, கீழே போனால் அடைப்பு. எவ்வளவு வேகமாக அடைப்பது என்பதை ஆர்.சி. டைம் கான்ஸ்டன்ட் தீர்மானிக்கும். அவ்வளவுதான்! இரைச்சலைத் தடுக்க வந்த சர்க்யூட், ஒரு புது இசையையே தந்துவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். லேபில் ஒருநாள் சி.ஆர்.ஓ.வில் எதிர்பாராத அலை வந்தது. "எதுக்குடா வம்பு" என்று பக்கத்து பேட்ச் ரீடிங்கைக் காப்பி அடித்தேன். மார்க் வந்தது. அந்த அலை ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நண்பர்களே, அடுத்தமுறை தப்பான ரீடிங் வந்தால், அழிரப்பரை எடுக்குமுன் ஒரு நிமிடம் காது கொடுங்கள்!