கலாசாலை மாணாக்கரும் பிறசமய ஊழியமும்

கொழும்பு மாநகரின்கண் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை முதலாய இடங்களிற் குடியிருக்குஞ் சைவப் பெற்றோர் பலரிடத்தே ஒரு கவலை மிகுந்து வருகின்றது. இல்லத்திலே விபூதி தரித்துத் தேவாரம் ஓதி வளர்ந்த பிள்ளை, சர்வகலாசாலையிலோ, கணக்கியல் முதலியன கற்பிக்குந் தனியார் கல்விநிலையத்திலோ சேர்ந்து ஓராண்டு கழியுமுன், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சுவிசேஷ சபைக்குச் செல்வதும், நெற்றியில் நீறின்றி நிற்பதும், வீட்டுப் பூசையறையிற் புகக் கூசுவதுமாய் மாறிவிடுகின்றது என்பதே அக்கவலை. இதனைக் கேட்டவளவில் நம்மவர் செய்வன இரண்டு. ஒன்று, பாதிரிமாரை வைதல். மற்றொன்று, பிள்ளையை வைதல். இவ்விரண்டாலும் மீண்டுவந்த பிள்ளையை நாம் கண்டிலேம். ஆதலின், இது நிகழும் வகையை முதற்கண் ஆராய்ந்து, பின்னர் அப்பிள்ளைகள் விடைகூற மாட்டாது நின்ற வினாக்களுள் ஒன்றை எடுத்துச் சித்தாந்த நெறியான் விளக்கப் புகுகின்றாம்.

இச்செய்தி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823இல் வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தரக் கலாசாலையைத் தாபித்தனர். அதன் முதல் அதிபர் டானியேல் பூவர். மாணாக்கர் அங்கேயே உண்டு உறங்கிக் கற்றனர். ஒரு பிள்ளையின் செலவைத் தாங்கும் அமெரிக்கத் தருமவானின் பெயரையே அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கணிதமும் வானநூலும் ஆங்குச் சிறக்கக் கற்பிக்கப்பட்டன. 1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தின் பொழுது குறித்து, நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணிதத்துக்கும் தம் கணிதத்துக்கும் உள்ள வேற்றுமையைப் பூவர் எடுத்துக்காட்டினார். பஞ்சாங்கம் பிழைத்ததாயின் அதனைப் போற்றுவாரது சமயமும் பிழைத்தது என்பது அவ்வாதத்தின் உட்கிடை. பஞ்சாங்கக் கணிதர் நாழிகை தவறியதனாற் சிவபெருமானுக்கு வந்த குறை யாது? இதனைக் கேட்க அக்காலத்து மாணாக்கனுக்கு ஒருவரும் கற்பித்திலர்.

எனினும், கிரகணக் கணிதத்தாற் சமயம் மாறினார் சிலரே என்பது நம் கருத்து. பெரும்பாலாரை ஈர்த்தது வேறு. அதனை அறிய வேண்டுவார் உடுவில் மகளிர் விடுதிக் கல்லூரியை நோக்குக. 1824இல் தொடங்கிய அக்கல்லூரிக்கு எலைசா அக்னியூ என்னும் அமெரிக்கப் பெண்மணி 1840இல் வந்து, ஏறக்குறைய நாற்பதாண்டு அதனை நடத்தினார். இடையில் ஒருமுறையேனுந் தாய்நாடு சென்றிலர். 1883இல் இந்நாட்டிலேயே இறந்தார். தாயிடங் கற்ற பிள்ளை பின்னர்த் தன் மகளையும் அவரிடமே அனுப்பினாள். அவரை 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்றழைத்தனர். அவர் போதித்த கொள்கையை நாம் உடன்படேம். ஆயின், பிறர் பிள்ளைகளோடு ஓரில்லத்தில் நாற்பதாண்டு வாழ்ந்து, நோயிற் காத்து, கலியாணத்தில் உடனிருந்த ஒருவருக்கு முன், ஆண்டுக்கொருமுறை குருபூசையிற் பிரசங்கஞ் செய்து மாலை பெற்றுச் செல்லும் நாம் யார்?

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் இதனை உள்ளிருந்தே கண்டவர். வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, ஆங்கே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரது வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். 1848இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அச்சுக்கூடம், பாலபாடம், வினாவிடை, வாராந்தப் பிரசங்கம் என மிஷனரிமார் கைக்கொண்ட கருவி ஒவ்வொன்றையும் அவர் எடுத்துச் சைவத்துக்கு ஆக்கினார். 1854இல் வெளியிட்ட சைவதூஷணபரிகாரத்திலே, சைவாசாரங்களை இகழும் பாதிரிமார்க்கு அவர்தம் வேதாகமத்திலுள்ள ஆலய விதிகளைக்கொண்டே விடையளித்தார். எதிரி நூலை எதிரியினும் நன்கு கற்றவர்க்கே அது கூடும். 1872இல் அவர் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலையோ, பொருள்முட்டினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இங்கிலீஷ் கற்றாலே உத்தியோகம் என்றிருந்த காலத்தில், அதனைச் சைவச் சூழலிற் கற்பிக்கும் பாடசாலையைத் தாங்கச் சைவர் கை நீளவில்லை. பிள்ளைகள் மிஷன் கலாசாலைக்கே சென்றனர். பின்னர்ப் 'பிள்ளை கெட்டான்' என்று பெற்றோர் அழுதனர்.

நாவலரவர்கள் 1879இற் சிவபதமடைந்தபின், 1888இற் சைவபரிபாலன சபையும், 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1913இல் இராமநாதன் கல்லூரியும், 1921இற் பரமேசுவராக் கல்லூரியும், 1923இற் சைவ வித்தியாவிருத்திச் சங்கமும் எழுந்தன. தலைநகரிலே, 1897 ஜனவரி 15ஆந் திகதி விவேகாநந்த சுவாமிகள் வந்திறங்கிய ஊக்கத்தின் வழித்தாய் 1902இல் விவேகாநந்த சபை தோன்றிற்று. பௌத்தரும், வாலிபர் கிறித்தவ சங்கத்தைப் பார்த்து, 1898இற் கொழும்பில் வாலிபர் பௌத்த சங்கம் அமைத்தனர். மாற்றாரிடத்து நல்லதைக் கண்டு கொள்ளுதலில் இழிவொன்றுமில்லை என்பது அக்காலத்தார் கொள்கை.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலன அரசாங்கத்தின் கையில் வந்தன. அன்றுதொட்டு, 'மிஷன் பாடசாலையால் வந்த கேடு' என்று நாம் கூறிவந்த காரணம் பெரிதும் ஒழிந்தது. சமயபாடமோ சாதாரணதரப் பரீட்சைக்குக் கட்டாய பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி கற்பிக்க ஆசிரியர் உளர், புத்தகம் உண்டு. இத்துணையிருந்தும் பிள்ளைகள் செல்கின்றனரே, அஃதெவ்வாறு?

விடை, ஊழியத்தின் களம் மாறியமையே. பாடசாலையை விட்டு அது மாணாக்கனின் அறைக்கு வந்துவிட்டது. மேல்நாட்டிலே 1947இற் சுவிசேஷ மாணவரது அகிலவுலக ஐக்கியமும், 1951இல் லொஸ் ஏஞ்சலிசிற் பில் பிரைட் என்பார் தொடங்கிய 'கம்பஸ் குருசேட்' இயக்கமும் சர்வகலாசாலை மாணாக்கரையே நோக்கி எழுந்தன. இவற்றின் முறை எளியது. ஒரு மாணாக்கன் இன்னொருவனோடு நட்புக்கொள்வான், இருவர் அறுவராவர், அறுவர் வாரத்துக்கொருமுறை கூடி வேதாகமத்தில் ஒரு பகுதியை வாசித்துப் பேசுவர், அவருள் ஒருவன் பிறிதொரு வட்டத்தைத் தொடங்குவான். மண்டபமும் வேண்டா, மேடையும் வேண்டா. மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ மலைநாட்டிலிருந்தோ வந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேன்மாடியில் இடம்பிடித்துத் தனித்திருக்கும் பிள்ளைக்கு, காய்ச்சல் வந்த இரவிற் கஞ்சி கொணர்பவன் எச்சமயத்தவனாயினும் அவனே உறவினன். அக்னியூ அம்மையார் நாற்பதாண்டிற் செய்ததனை அவன் நான்கு திங்களிற் செய்துவிடுகின்றான்.

ஈண்டு நடுவுநிலைமை வழுவாது சிலவற்றைக் கூறல் வேண்டும். கிறித்தவர் யாவரும் இவ்வாறு பிறரைத் தேடித் திரிபவரல்லர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டிற் கத்தோலிக்கர் நூற்றுக்கு 6.2, ஏனைக் கிறித்தவர் 1.4, இந்துக்கள் 12.6 வீதத்தினர். கொட்டாஞ்சேனையிலே பொன்னம்பலவாணேசர் கோபுரமும் சாந்த லூசியா பேராலயமும் நெடுங்காலம் அயல்நின்றும் அவ்வயலார்க்குள் பகையில்லை. வேதபாட வட்டம் நடத்துவாருள்ளும், தாம் யாரென்பதை மறையாது கூறி அழைப்பாரை நாம் குறைகூறேம். நாம் வெறுப்பன மூன்று: இங்கிலீஷ் வகுப்பென்றும் இசைமாலையென்றும் அழைத்துச் சென்று, இருந்தபின் ஜெபத்தைத் தொடங்குதல், பரீட்சையிற் றவறியவனையும் பெற்றோரை இழந்தவளையும் துயராறுமுன் தீர்மானஞ் செய்யென்று நெருக்குதல், தாய் தந்தையர் வணங்குந் தெய்வத்தைப் பேயென்று கூறிக் குடும்பத்தைப் பிரித்தல். இவற்றைச் செய்வார் தம் சமயத்துக்கே இழுக்குச் செய்கின்றனர்.

சட்டத்தால் இதனைத் தடுக்கலாமென்பார் உளர். 2004இற் பலவந்த மதமாற்றத் தடை மசோதாவொன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதன் வாசகங்கள் சில அரசியலமைப்புக்கு மாறானவை என்று உயர்நீதிமன்றம் கூறிற்று. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பிய சமயத்தை மேற்கொள்ளும் உரிமையை ஒவ்வொருவர்க்கும் அளிக்கின்றது. அவ்வுரிமையின் கீழேயே சிறுபான்மையினராகிய நாமும் நம் கோயிற்கதவைத் திறக்கின்றோம். அதனைக் குறைக்கப் பிறரோடு கைகோத்தல் நமக்கு அறிவுடைமையாகாது. சபைக் கட்டடங்களிற் கல்லெறிதலோ சிவத்துரோகம்.

இனி வினாவுக்கு வருவாம். வட்டத்திற் புதிதாக வந்த சைவப் பிள்ளையிடம் பெரும்பாலும் முதற்கண் கேட்கப்படுவது, 'இன்றிரவு நீ இறந்தால் நற்கதி பெறுவாய் என்பது உனக்கு நிச்சயமா?' என்பது. சமயபாடத்தில் அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளையும், 'நல்வினை செய்தால் நற்கதி' என்று விடைகூறும். உடனே, 'எவ்வளவு நல்வினை செய்தாற் போதும்?' என்று மறுவினா வரும். பிள்ளை வாய்மூடும். அப்போது, 'நீ உன் செய்கையை நம்புகின்றாய். நாங்களோ கிருபையை நம்புகின்றோம்' என்பர். பிள்ளையின் உள்ளத்திலே, சைவம் கணக்குப் புத்தகம், கிறித்தவம் கருணை என்னும் எண்ணம் வேரூன்றும்.

பிழை, பிள்ளையின் முதல் விடையிலேயே உள்ளது. நல்வினையால் முத்தி வருமென்று சித்தாந்தம் யாண்டுங் கூறிற்றிலது. தீவினை இரும்புவிலங்கு, நல்வினை பொன்விலங்கு, இரண்டும் விலங்கே. நல்வினையாற் பெறுவது சுவர்க்கம் முதலிய போகமேயாம். அது தீர்ந்தவுடன் பிறவி மீளும். உயிரைப் பிணித்த மூலநோய் வினையன்று; ஆணவம். அஃது, ஆதியில் ஒருவர் செய்த கீழ்ப்படியாமையால் வந்ததன்று. செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரோடு கலந்தது. தன்னைத்தானே கழுவிக்கொள்ளச் செம்பினால் இயலாதவாறு போல, உயிர் தன் முயற்சியால் ஆணவத்தை நீக்க மாட்டாது. திருவருள் ஒன்றே அதனை நீக்கும். உடம்பையும் உலகையும் தந்ததும் அருள். வினைகளை நுகர்வித்ததும் அருள். துன்பமாய் வந்து திருத்தியதும் மறக்கருணையென்னும் அருள். மலம் பரிபாகமுற்றவழிக் குருவாய் வந்து ஆட்கொள்வதும் அருள். சரியை, கிரியை, யோகம், ஞானமென்னும் நான்கும் அவ்வருளுக்கு விலையல்ல. அதனை ஏற்கும் பக்குவத்தை உயிர் பெறும் வழிகள்.

ஆகவே, 'உங்கட்குக் கிருபையில்லை' என்பார்க்குச் சைவப் பிள்ளை அஞ்சாது கூறத்தக்கது: 'எங்கட்கு அருளின்றி யாதுமில்லை. வேறுபாடு வேறிடத்தது. ஒரு பிறவியில் நம்பாது இறந்த உயிர் என்றைக்குங் கைவிடப்படுமென்று நுங்களிற் பலர் கூறுவீர். எத்துணைப் பிறவியாயினும் எவ்வுயிரையுங் கைவிடாது பக்குவப்படுத்துவன் இறைவனென்று யாங்கள் கூறுவேம். இன்றிரவு யான் இறப்பினும் அவன் கையிலேயே இருப்பேன்.' இவ்விடை கேட்டு எதிர்வழக்காடுவாரும் இருப்பர், ஆடுக. வழக்காடுதல் நமக்குப் புதியதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரிற் சுபக்கத்துக்கு முன் பரபக்கத்தை வைத்து, பிறர்மதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கூறி மறுத்தனர். பிறர் கூறுவதனை முற்றக் கேளாதவன் தன் கொள்கையை உறுதியாகப் பற்றமாட்டான் என்பதை அவ்வைப்புமுறை நமக்கு உணர்த்துகின்றது. நாமோ, பிள்ளை ஒரு வினாக் கேட்டால், 'சாமியைப்பற்றி அப்படியெல்லாங் கேளாதே' என்று வாயை அடைக்கின்றோம். கேட்கவிடும் இடத்தை நோக்கி அது செல்கின்றது.

கொழும்பிலே நமக்கு இடமில்லையென்பதுமில்லை. வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷனும், கொட்டாஞ்சேனை விவேகாநந்த மேட்டில் விவேகாநந்த சபையும் உள்ளன. ஆடிவேலுக்குத் திரளுங் கூட்டத்தைக் கண்டார் சைவர் தொகை குறைந்ததென்று கூறார். அக்கூட்டத்தினிடையே, துணையின்றித் தனித்து நிற்கும் மாணாக்கனை யாரென்று கேட்பாரைத்தான் காணோம்.

அறைகொடுத்து வாழும் வீட்டுக்காரர் பலர் நம்மவரே. மாதந்தோறும் வாடகை வாங்குங் கை, வெள்ளிக்கிழமை இரவு ஒருவேளை சோறிடவும் வல்லது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டு முன்மண்டபம், ஏழெட்டு மாணாக்கர், வாசித்து விளக்கவல்ல ஒருவர் அமையின் அதுவே போதும். அவ்வொருவர், தெரியாததைத் தெரியாதென்று கூறுபவராயிருத்தல் நலம். நூலுக்கு உமாபதி சிவாசாரியரது திருவருட்பயனைக் கொள்க. பத்ததிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். வாரத்துக்கு ஓரதிகாரமாகப் பத்து வாரத்தில் முடியும். பதிமுதுநிலையிற் றொடங்கி, மூன்றாம் வாரம் இருண்மலநிலையில் ஆணவத்தை ஆராய்ந்து, நான்காம் வாரம் அருளதுநிலைக்கு வருவர். மேற்காட்டிய வினாவை அன்று எடுத்துக்கொள்ளலாம். வேதபாட வட்டத்துக்குச் செல்லத் தொடங்கிய பிள்ளை தெருவில் யாரேனும் இருப்பின் அன்று அவனை அழைக்க. அவனை அங்கு அழைத்துச் சென்ற நண்பனும் வர விரும்பின், அவனுக்குஞ் சேர்த்தே இலை போடுக.