ரூட்டர் மாறியதும் இன்டர்நெட் போன் ஊமையாகிவிட்டதா?

பழைய மோடத்தை எடுத்துவிட்டு ஃபைபர் இணைப்புக்கு மாறுகிறீர்கள். கம்ப்யூட்டரில் இன்டர்நெட் நன்றாக வருகிறது. ஆனால் இன்டர்நெட் போன் மட்டும் வேலை செய்வதில்லை. உடனே "போன் போயிடுச்சு" என்று புதிதாக வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் போன் நன்றாகத்தான் இருக்கும். அது பழைய முகவரியிலேயே ரூட்டரைத் தேடிக் கொண்டிருக்கும்.

வந்தவாசியில் கோரைப்பாய் வியாபாரம் செய்யும் என் சித்தப்பா கடையில் இப்படித்தான் ஆனது. அங்கே சாதாரண டெலிபோனை ஏடிஏ எனப்படும் சிறிய அடாப்டர் பெட்டி மூலம் ரூட்டரில் இணைத்திருந்தார்கள். வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டர் சொல்வது அந்த நம்பரில்தான். இரண்டு நாட்கள் ஒரு அழைப்பும் வராததால் வியாபாரம் மந்தம் என்றே நினைத்துவிட்டார். பிறகு, "நெட்டு வருதுப்பா, போன் மட்டும் ஏன் வரல?" என்று என்னைக் கூப்பிட்டார்.

காரணம் இதுதான். ஒவ்வொரு ரூட்டருக்கும் வீட்டுக்குள் ஒரு ஐபி முகவரி உண்டு. சிலவற்றில் 192.168.1.1, சிலவற்றில் 192.168.0.1, ஜியோ ஃபைபர் பெட்டியில் 192.168.29.1. கம்ப்யூட்டரும் மொபைலும் டிஹெச்சிபி முறையில் ரூட்டரிடம் கேட்டுப் புதிய முகவரி வாங்கிக் கொள்ளும். சித்தப்பாவின் அடாப்டரிலோ, மாட்டிய டெக்னீஷியன் 192.168.1.50 என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார். புதிய ரூட்டர் 192.168.0.1. தெருவே மாறிவிட்ட பிறகு பழைய கதவு எண்ணை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

முதலில் ரூட்டரின் முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பதுதான் அது. அடுத்து அடாப்டரின் முகவரி. கிராண்ட்ஸ்ட்ரீம் வகை அடாப்டர்களில் ரிசீவரை எடுத்து மூன்று முறை ஸ்டார் அழுத்தி, பிறகு 02 அழுத்தினால் முகவரியைக் குரலிலேயே சொல்லும். இரண்டிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே குரல் மெனுவில் 01 அழுத்துங்கள். ஸ்டாடிக் என்று சொன்னால் 9 அழுத்தி டிஹெச்சிபிக்கு மாற்றிவிட்டு, அடாப்டரின் மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். முகவரி மாறாமல் இருக்க வேண்டுமென்றால் ரூட்டரில் உள்ள அட்ரஸ் ரிசர்வேஷன் பகுதியில் பதியுங்கள். அடாப்டரில் கையால் எழுதும் பழைய வழக்கம் எனக்குப் பிடிக்காது.

இன்னொரு வகைத் தொல்லை உண்டு. நாம் அழைத்தால் போகும், மற்றவர்கள் அழைத்தால் மணி அடிக்காது. இங்கே மாறியிருப்பது வெளி முகவரி. கரண்ட் போய் வந்து ரூட்டர் மீண்டும் ஆன் ஆகும்போது இன்டர்நெட் நிறுவனம் வேறு வெளி முகவரி கொடுக்கலாம். சிப் முறையில் இயங்கும் போன், "நான் இங்கே இருக்கிறேன்" என்று சர்வரில் பதிவு செய்து வைக்கும். பல அடாப்டர்களில் அந்தப் பதிவின் ஆயுள் 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம். அதுவரை சர்வர் பழைய முகவரிக்கே அழைப்பை அனுப்பிக் கொண்டிருக்கும்! அடாப்டரை ரீஸ்டார்ட் செய்தால் அப்போதே புதிதாகப் பதிவாகும். ரிஜிஸ்டர் எக்ஸ்பிரேஷன் என்ற இடத்தில் நேரத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்தால் அடுத்த முறை தானே சரியாகும். சில அடாப்டர்கள் இதை நிமிடத்திலும், சில விநாடியிலும் கேட்கும், கவனியுங்கள்.

மணி அடிக்கிறது, ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கவில்லை என்றால் ரூட்டரில் சிப் ஏஎல்ஜி என்பதை ஆஃப் செய்து பாருங்கள். உதவி செய்வதாக வந்து கெடுக்கும் வசதி அது. ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியை நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அங்கே போர்ட் ஃபார்வர்டிங் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அடாப்டரில் கீப் அலைவ் வசதியை ஆன் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மொபைலிலிருந்து உங்கள் நம்பருக்கு அழைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் விட்டு, மறுபடியும் ஒருமுறை அழையுங்கள்.