வேண்டாம் என்று அடித்த தொழில்கள்

"எந்த குரூப் எடுக்கலாம், டீச்சர்?" பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்கள் கேட்டு வரும்போது மதிப்பெண், கட் ஆஃப், கல்லூரி என்று பேசத் தொடங்குகிறோம். மேல்நிலை வகுப்புகளில் 'நான் முதல்வன்' திட்டமும் வழிகாட்டுகிறது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பல தொழில்களைப் பிள்ளைகள் மனத்துக்குள் அடித்துவிடுகிறார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் லிண்டா காட்ஃப்ரட்சன் 1981இல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. 6 முதல் 8 வயதில் 'ஆண் வேலை, பெண் வேலை' என்று பிரிக்கிறார்கள். 9 முதல் 13 வயதில் எதற்கு மதிப்பு, எது நமக்கு எட்டாது என்று கணக்குப் போடுகிறார்கள். தன் ஆர்வமும் திறமையும் 14 வயதுக்கு மேல்தான் கணக்கில் வருகின்றன. அதுவும் அடிபடாமல் மிஞ்சிய தொழில்களுக்குள்ளேயே. டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 சிறு பிள்ளைகள் அறிவியலாளரை வரைந்தார்கள். பெண்ணை வரைந்தவர்கள் 28 பேர். அத்தனை பேரும் சிறுமிகள்.

என் ஏழாம் வகுப்பில் "என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டால் டாக்டர், போலீஸ், கலெக்டர், டீச்சர் என்பதைத் தாண்டாது. அதனால் கேள்வியை மாற்றினேன். கரும்பலகையில் இருபது தொழில்களை எழுதி, "வேண்டாதவற்றை அடியுங்கள், பக்கத்தில் காரணம் எழுதுங்கள்" என்றேன்.

நர்ஸுக்கு எதிரே ஒரு பையன் "பொம்பளைங்க வேலை" என்று எழுதியிருந்தான். வக்கீலை அடித்த இன்னொருவன் "நமக்கு சரிப்படாது" என்றிருந்தான். வகுப்பில் வைத்துக் கேட்கவில்லை. தனியே கேட்டபோது, "எங்க தெருவுல யாரும் வக்கீல் இல்ல, டீச்சர்" என்றான். கணக்கில் கெட்டிக்காரியான ஒரு மாணவி சர்வேயரை அடித்ததற்குக் காரணம், "அப்படின்னா என்னன்னு தெரியாது."

(இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் "நீ டீச்சராகலாம்மா, வீட்டுக்கும் பக்கம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அதுவும் ஒரு அடித்தல்தான்.)

தெரியாமல் அடித்ததை மீட்பது எளிது. பெண் நில அளவர் ஒருவரை அழைத்தோம். பள்ளி மைதானத்தை அளந்து, புலப்படம் வரைந்து காட்டினார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது அந்த மாணவிதான். மறுநாள் தன் தாளைக் கேட்டு வாங்கி அந்தக் கோட்டை ரப்பரால் அழித்தாள். நர்ஸை அடித்தவன் இன்னும் மாறவில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண் செவிலியர் யாரும் இல்லை, வெளியூரில் தேடிக்கொண்டிருக்கிறேன். வக்கீலுக்கு நீதிமன்றம் வரை போகவேண்டும்.

தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் இதே பட்டியலை மறுபடி கொடுப்பேன்.