வலைப்பூவுக்கு விளம்பரம் தேடும் மகளுக்கு

அன்புள்ள மகள் பூங்கோதைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாடித்தோட்டத்தைப் பற்றித் தமிழில் நீ எழுதிவரும் வலைப்பூவை இப்போது மாதந்தோறும் சில ஆயிரம் பேர் வந்து படிக்கிறார்கள் என்றும், தளத்தின் பெயருக்கும் ஹோஸ்டிங்குக்கும் ஆண்டுதோறும் கட்டுகிற பணமாவது திரும்பி வரும்படி விளம்பரங்களை ஏற்கலாமா என்றும், ஏற்பதானால் எந்த ஸ்தாபனத்திடம் போவது என்றும் கேட்டிருக்கிறாய். சிரத்தையோடு எழுதுகிறவர் தம் உழைப்புக்குச் சிறிது பொருளை எதிர்பார்ப்பதில் நாணப்பட ஒன்றுமில்லை. ஆனால், உன் தோழிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொல்லி, அதனுடன் ஒரு தொகையையும் சொல்லி, அந்தத் தொகையைக் கொண்டே உயர்வு தாழ்வு கற்பிப்பதை நீ அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் ஹாட்வயர்டு என்ற இணையப் பத்திரிகையில் ஏ.டி.அண்ட்.டி. கம்பெனியின் விளம்பரம் ஒரு நீண்ட பட்டையாக வெளிவந்தது. ‘பேனர்’ விளம்பரத்தின் சரித்திரத்தை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அந்நாளில் விளம்பரம் கொடுப்பவரும் அதை வெளியிடுபவரும், அச்சுப் பத்திரிகைகளில் வழக்கமாக இருந்தது போலவே, நேரில் பேசி விலையை முடிவு செய்தார்கள். அந்த முறையில் பெரிய தளங்கள் பிழைத்தன. தனி ஒருவர் நடத்தும் சிறு தளத்தைத் தேடி எந்த வியாபாரியும் வரவில்லை. அந்தக் குறையைப் போக்குவதற்காக 2002-இல் ஹென்றி கோப்லாண்ட் ‘பிளாக்ஆட்ஸ்’ என்ற விளம்பர ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் கூகுள் ‘ஆட்சென்ஸ்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கி, பக்கத்திலுள்ள சொற்களை இயந்திரமே படித்துப் பார்த்து அதற்குப் பொருந்தும் விளம்பரத்தைத் தானே கொண்டுவந்து வைக்கும்படி செய்தது. ஒரு பள்ளி ஆசிரியரோ இல்லத்தரசியோ எவரிடமும் சென்று நிற்காமல் தம் எழுத்துக்கு வருவாய் பெறலாம் என்ற நிலை பரவலாக வந்தது அப்போதுதான்.

இன்று உன் பக்கத்தை ஒருவர் திறக்கும் கணத்தில், அந்தப் பக்கத்திலுள்ள விளம்பர இடம் ஏலத்துக்கு வருகிறது. எண்ணற்ற வாங்குவோரின் சார்பில் இயந்திரங்கள் விலை கேட்கின்றன. பக்கம் முழுதும் கண்ணுக்குத் தெரிவதற்குள் ஏலம் முடிந்துவிடுகிறது. நீ சேரப்போகும் ஸ்தாபனம் எதுவானாலும், அது பெரும்பாலும் இந்த ஏலத்தில் உன் சார்பில் நிற்கும் தரகரே தவிர, பணத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பது அன்று. வெவ்வேறு பெயர்களில் இயங்கும் பல ஸ்தாபனங்கள் கூகுளின் ஏலக்கூடத்தின் வழியாகவே தம் சரக்கில் ஒரு பெரும் பகுதியை விற்கின்றன. இந்த ஆதிக்கத்தைத்தான் வர்ஜீனியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம், விளம்பர ஏலக்கூடத்திலும் வெளியீட்டாளர் பயன்படுத்தும் விளம்பரச் சாதனத்திலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2025 ஏப்ரல் 17 அன்று தீர்ப்பளித்துக் கண்டித்தது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு விவசாயியின் தக்காளி எந்தக் கமிஷன் மண்டியில் இறங்கினாலும், அன்றைய வரத்தும் தேவையுமே விலையைத் தீர்மானிக்கின்றன. மண்டிக்கு மண்டி வேறுபடுவது கமிஷனும், பணம் கைக்கு வரும் நாளும், நடத்தும் முறையுந்தான். விளம்பர ஸ்தாபனங்களை ஒப்பிடுகிறபோதும் நீ இவற்றையே முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

தொகையின் விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரம் பக்கப் பார்வைக்குக் கிடைக்கும் வருவாயை ஆர்.பி.எம். என்று சொல்வார்கள். ஒரு பேச்சுக்கு, மாதம் 8,000 பார்வைக்கு 400 ரூபாய் வந்தால் உன் ஆர்.பி.எம். 50 ரூபாய். இந்த எண் ஸ்தாபனத்தின் குணத்தைக் காட்டுவதாக உன் தோழிகள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் வாசகரின் ஊரையும், எழுதும் பொருளையும், மாதத்தையும் காட்டுகிறது. அதே கத்தரிக்காய்க் கட்டுரையைத் திருநெல்வேலியில் ஒருவர் படித்தால் வரும் காசுக்கும், டொராண்டோவில் ஒருவர் படித்தால் வரும் காசுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கனடா நாட்டு வாசகரைத் தேடும் விளம்பரதாரர் அதிக விலைக்கு ஏலம் கேட்பதே காரணம். காப்பீட்டைப் பற்றிய எழுத்துக்கு ஏலத்தில் வரும் விலை தோட்டத்தைப் பற்றிய எழுத்துக்கு வராது. தீபாவளியையும் கிறிஸ்துமஸையும் ஒட்டி வியாபாரிகள் தாராளமாகச் செலவிடுவார்கள். ஜனவரி பிறந்ததும் கையை இறுக்கிக்கொள்வார்கள். ஆகையால், நவம்பரில் ஒரு ஸ்தாபனத்திலும் ஜனவரியில் வேறொன்றிலும் இருந்து பார்த்து, ‘மாறியதால் நஷ்டம்’ என்று சொல்பவரின் கணக்கை நீ பொருட்படுத்த வேண்டாம்.

இதைவிட நுட்பமான ஒரு பிழையும் உண்டு. ஒரு பக்கத்தில் இரண்டே இடங்களில் விளம்பரம் வைத்து, ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு 25 ரூபாய் தருவதாகக் கொள். பக்கத்துக்கு 50 ரூபாய். அதே பக்கத்தில் ஆறு இடங்களை அடைத்து, ஒவ்வொன்றும் 10 ரூபாயே தந்தாலும் 60 ரூபாய் வந்துவிடுகிறது. பின்னது மேல் என்று தோன்றும். ஆனால், நெரிசலில்லாத பக்கத்தைப் படித்தவர் மனம் நிறைந்து இன்னொரு கட்டுரையையும் திறக்கிறார். நெரிசலில் சிக்கியவர் முதல் பக்கத்தோடு போய்விடுகிறார். ஆயிரம் பக்கத்துக்கு என்று எண்ணாமல் ஆயிரம் வருகைக்கு என்று எண்ணினால், முன்னதில் 100 ரூபாயும் பின்னதில் 60 ரூபாயும் ஆகும். திரும்பி வராமலே போன வாசகரை எந்தக் கணக்கிலும் காட்டுவதில்லை. ஸ்தாபனங்களின் அறிக்கைகளில் பக்கக் கணக்கே முன்னால் நிற்கும். வருகைக் கணக்கை நீயே போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஸ்தாபனங்களைப் பார்ப்போம். தமிழில் எழுதும் சிறு வலைப்பூவுக்கு யதார்த்தத்தில் முதலில் திறந்திருக்கும் கதவு ஆட்சென்ஸ்தான். 2018-இல்தான் அது தமிழை அதிகாரபூர்வமாக ஏற்றது. இத்தனை பார்வை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை; எழுத்து சொந்தமானதாகவும் விதிகளுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும்; கணக்கு வைத்திருப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். விளம்பரதாரர் செலவிடும் பணத்தில் ஏறக்குறைய 68 சதவீதம் எழுதுபவருக்கு வருகிறது. முன்பு ‘கிளிக்’கைக் கொண்டே பெரும்பாலும் கணக்கிட்டவர்கள், 2023 நவம்பரில் அறிவித்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பார்வைக் கணக்குக்கு மாறினார்கள். வருவாய் 10 டாலரைத் தொட்டதும் உன் முகவரிக்குத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும்; நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் அனுப்புவார்கள். அதுவும் அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்குப் பிறகு. மேலே சொன்னபடி மாதம் 400 ரூபாய் வருமானால், அந்த முதல் 100 டாலர் சேர இருபது மாதங்களுக்கு மேலாகும். இதை இப்போதே அறிந்துகொண்டால் பின்னால் மனம் சோராது. உறவினரையும் தோழிகளையும் ‘கிளிக் செய்யுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் காரியம் மட்டும் கூடவே கூடாது. கணக்கை மூடி, சேர்ந்திருக்கும் பணத்தையும் விளம்பரதாரருக்குத் திருப்பிவிடுவார்கள். அவர்கள் செய்வது நியாயமே.

மீடியாவைன், ரேப்டிவ் என்ற பெயர்களை உன் தோழிகள் ஆசையோடு சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் சிறந்தவை, தளத்தின் வேகத்தையும் விளம்பரத்தின் இடத்தையும் அக்கறையோடு கவனிப்பவை. மீடியாவைன் வருவாயில் 75 சதவீதத்தை எழுதுபவருக்கே தருகிறது. ஆனால், மீடியாவைன் பல ஆண்டுகள் மாதம் 50,000 வருகைகளையும், ஆட்திரைவ் என்று முன்பு அறியப்பட்ட ரேப்டிவ் 1,00,000 பக்கப் பார்வைகளையும் கேட்டன. அண்மையில் இந்த வரம்புகள் தளர்ந்துள்ளன என்பது மெய். மீடியாவைன் சிறு தளங்களுக்கென்றே ‘ஜர்னி’ என்ற பிரிவை 2024-இல் தொடங்கியது. எனினும், இவற்றின் விளம்பரதாரர்கள் தேடுவது பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளின் ஆங்கில வாசகரை. தமிழகத்து வாசகருக்காகத் தமிழில் எழுதும் நீ அங்கே ஏங்கி நிற்பதில் பிரயோஜனமில்லை. மீடியா.நெட் என்ற ஸ்தாபனத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஈசோயிக் என்ற இன்னொரு ஸ்தாபனம் வாசகரைப் பல பகுதிகளாகப் பிரித்து, விளம்பரங்களை இடம் மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்க்கும். அதன் முழு ஏற்பாட்டுக்கு, உன் தளத்தின் பெயரைத் தேடி வருவோருக்கு வழிகாட்டும் அமைப்பையே (டி.என்.எஸ்.) அவர்கள் கையில் ஒப்படைக்க நேரலாம். வீட்டின் சாவியை ஒருவரிடம் கொடுக்கு முன் திரும்ப வாங்கும் வழியைத் தெரிந்துகொள்.

எவரையும் உடனே சேர்த்துக்கொண்டு, ஐந்து டாலர் சேர்ந்தாலே பணம் அனுப்புகிறோம் என்று அழைக்கும் ஒரு வகையும் உண்டு. அவர்கள் தருவது பெரும்பாலும் வாசகர் தொட்ட இடத்திலெல்லாம் வேறு ஜன்னலைத் திறந்துவிடும் விளம்பரம். சூதாட்டமும் போலி மருந்தும் அதன் வழியாக நுழையும். உன் அம்மாச்சியின் வயதுள்ள ஒருவர் கீரை விதைக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வந்து, ‘உங்கள் போனில் வைரஸ்’ என்ற பொய் எச்சரிக்கையைக் கண்டு நடுங்கும்படி செய்வது எத்தனை டாலருக்கும் தகாது. தரக்கேடான விளம்பரங்களைத் தொடர்ந்து வைக்கும் தளங்களில் எல்லா விளம்பரங்களையும் குரோம் உலாவி 2018 பிப்ரவரி 15 முதல் தடுத்துவருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் மனத்துக்கு மிகவும் உகந்த முறை வேறு. ஜிம் கூடல் முதலியோர் நடத்திய ‘தி டெக்’ என்ற சிறு அமைப்பு, ஒரு பக்கத்துக்கு ஒரே விளம்பரம் என்ற விதியைக் கைக்கொண்டு, வாசகரைப் பின்தொடராமல், 2017 வரை கௌரவமாக நடந்தது. ‘கார்பன் ஆட்ஸ்’, ‘எதிகல்ஆட்ஸ்’ என்பவை இன்றும் அந்த வழியில் செல்கின்றன. ஆனால் அவை கணினித் துறைத் தளங்களுக்கு உரியவை. அவற்றில் நீ சேர முடியாவிட்டாலும், அவற்றின் தர்மத்தை நீயே கைக்கொள்ளலாம். உன் ஊரிலுள்ள ஒரு நாற்றுப் பண்ணைக்காரரிடமோ, நாட்டு விதை விற்பவரிடமோ நேரில் போய், மாதம் இவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்ற மெய்யான கணக்கைக் காட்டி, மாதம் ஒரு சிறு தொகைக்கு ஓர் இடத்தைக் கொடு. அவர் ஐந்நூறு ரூபாய் தந்தாலும், தரகும் தாமதமும் இல்லாத முழு ஐந்நூறு அது. உன் வாசகருக்கும் அந்த விளம்பரமே உபயோகமாக இருக்கும். அதன் தலையில் ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதிவிடு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், சமூக ஊடகங்களில் செல்வாக்குள்ளவர்கள் பணம் பெற்று வெளியிடுவதை அப்படியே அறிவிக்க வேண்டும் என்று 2021 மே மாதத்தில் விதி வகுத்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் வாசகருக்கு நீ செய்ய வேண்டிய மரியாதை அது.

ஆகவே, என் அபிப்பிராயம் இது. ஆட்சென்ஸில் விண்ணப்பம் செய். தானே இடம் தேடிக்கொள்ளும் ‘ஆட்டோ ஆட்ஸ்’ வசதியை நிறுத்திவிட்டு, கட்டுரையின் நடுவில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டே இடங்களை நீயே குறித்துக்கொடு. விளம்பரம் வந்து விழும்போது எழுத்து துள்ளிக் கீழே போகாதபடி அந்த இடத்தின் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவை. ஆட்ஸ்.டெக்ஸ்ட் என்ற கோப்பைத் தளத்தில் ஏற்று; உன் இடத்தை விற்க உரிமையுள்ளவர் யார் என்று வாங்குவோருக்குச் சொல்வது அது. லண்டனிலும் பாரிஸிலும் உனக்கு வாசகர்கள் இருப்பதாக எழுதியிருந்தாய். விளம்பரத்துக்காகத் தம் விவரங்களைப் பயன்படுத்த அந்நாடுகளின் வாசகரிடம் சம்மதம் கேட்கும், கூகுள் அங்கீகரித்த பெட்டி 2024 ஜனவரி 16 முதல் கட்டாயம்; கூகுளே தரும் பெட்டி உனக்குப் போதும். பக்கத்தின் மேல் பகுதியை நாற்றுப் பண்ணைக்காரருக்காகக் காலியாக வைத்திரு. பிறகு மூன்று மாதத்துக்கு எதையும் மாற்றாமல், வருவாயோடு வருகைகளையும், ஒரு வருகையில் படிக்கப்பட்ட பக்கங்களையும் ஒரு நோட்டில் எழுதிவந்து, அந்தக் கணக்கை எனக்கு அனுப்பு. வேறு ஸ்தாபனத்துக்கு மாறுவதா வேண்டாமா என்பதை அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா