தரவுத்தளக் காப்புப் பிரதிகள் தவறுவது ஏன்?

வங்கியிற் பணம் இட்டவர் கணக்கும், வைத்தியசாலையில் நோயாளர் உண்ணும் மருந்தின் அளவும், பரீட்சை எழுதியோர் பெற்ற புள்ளிகளும் இக்காலத்தே தரவுத்தளங்களிலே பதிந்து வைக்கப்பட்டுள்ளன. இத்தளங்கள் ஒரு கணத்தில் அழிந்துபடக் கூடியன. ஆதலின் இரவுதோறும் அவற்றுக்குக் காப்புப் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல் எங்கும் வழக்கமாயிற்று. அப்பிரதி எடுக்கும் தொழிலே தவறிவிடின், தவறிய காரணத்தை ஆராயுமாறு எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்லூரியை விட்டு நீங்கிய பின் இத்தொழிலிற் புகுந்து, உறக்கமின்றிப் பல இரவுகளைக் கழித்தவன் என்னும் உரிமை ஒன்றே இதனை எழுதுதற்கு எனக்குள்ளது.

தரவுத்தளத்தை ஏனைய கோப்புக்களைப்போல அப்படியே பிரதிசெய்து வைத்தால் என்னை என மாணவர் வினாவுதல் இயல்பே. ஒரு பெரும் பேரேட்டிலே நூறு இலிகிதர் ஒரே வேளையில் எழுதிக்கொண்டிருக்க, யாம் அதனைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பதாகக் கொள்வோம். முதற் பக்கத்தை 10 மணிக்கும் 500ஆம் பக்கத்தை 11 மணிக்கும் பிடித்தோம். பத்தரை மணிக்கு முதற் பக்கத்துக் கணக்கிலிருந்து ஆயிரம் ரூபா 500ஆம் பக்கத்துக் கணக்குக்கு மாற்றப்பட்டது. எமது படத்திலோ அப்பணம் இரண்டிடத்தும் உளது! இக்குழப்பத்தைத் தீர்ப்பது நாளேடு. தரவுத்தளம் தன்னிடம் நிகழும் மாற்றங்களை எல்லாம் நிகழ்ந்த ஒழுங்கிலே தனியொரு பதிவேட்டில் எழுதிவரும். பேரேட்டின் பிரதியையும், அது எடுக்கத் தொடங்கியது முதலாக எழுந்த நாளேடுகளையும் ஒருங்கே வைத்திருப்பின், வேண்டிய நேரத்து நிலையை மீள ஆக்கிக்கொள்ளலாம். நாளேடில்லாத பேரேட்டுப் பிரதி பெரும்பாலும் பயனற்றதே. இவ்வொன்றை மனத்திருத்தினோர்க்குப் பின்வருவன எளிதில் விளங்கும்.

பெரிய நிறுவனங்களிற் காப்புப் பிரதி எடுக்கும் தொழில் ஒரு கையால் நடைபெறுவதன்று. ஒறக்கிள் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அதன்கண் ஆர்மன் எனப்படும் கருவி 1997இல் வந்த எட்டாம் பதிப்பு முதலாக உளது. தரவுகளைப் படிப்பது அது. படித்ததை ஓர் இணைப்பு நூலகத்தின் கையிற் கொடுக்கும். அந்நூலகம் நெற்பேக்கப் போன்ற காப்பு மென்பொருளுக்குரியது. அது வலையமைப்பு வழியே காப்புச் சேவருக்கு அனுப்ப, அச்சேவர் நாடாவிலோ வட்டிலோ எழுதும். நால்வர் கைமாற்றிச் செல்லும் குடத்திலே நீர் குறைந்தால் எவர் கையில் ஒழுகிற்று என்று காண்பதே ஆராய்வோன் கடன். ஆயின் ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரையே சுட்டிக் குற்றங்கூறுவர். தரவுத்தளத்தைப் பேணுவோர் காப்பு மென்பொருளை நோவதும், காப்புத் துறையினர் வலையமைப்பினரை நோவதும் யான் எங்கும் கண்ட காட்சி.

இதனாற் பிழைச் செய்திகளைப் படிக்கும் முறையை முதலிற் கற்றல் வேண்டும். நெற்பேக்கப் தரும் பிழை எண் 6, கேட்ட கோப்புக்களைக் காப்பெடுக்க இயலவில்லை என்னும் அளவே கூறும். அஃது ஒரு காரணமன்று. வீட்டில் எவரோ நோயுற்றார் என்று தந்தி வந்ததை ஒக்கும். மெய்க்காரணம் ஆர்மன் எழுதிவைத்த அறிக்கையிலே கிடக்கும். அவ்வறிக்கையிற் பிழைகள் பல வரிகளாக அடுக்கி நிற்கும். அவற்றைக் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும் என்பது ஒறக்கிள் நிறுவனத்தாரின் அறிவுரை. இறுதி ஓரிரு வரிகளே பெரும்பாலும் உண்மையை உரைப்பன. அங்கே 27211 என்னும் எண் காணப்படின் இணைப்பு நூலகத்தையே ஏற்ற இயலவில்லை என்பது பொருள். வலையமைப்பினரை எழுப்ப வேண்டியதில்லை. 19511 காணப்படின் குறை காப்பு மென்பொருளின் பக்கத்திலிருந்து அறிவிக்கப்பட்டது. அதனுடன் வரும் வாசகத்தையே பின்தொடர்க. 58 எனின் தரவுத்தளச் சேவருடன் தொடர்பு கிட்டவில்லை. 84 எனின் நாடாவில் எழுதுங்கால் தவறு. 196 எனின் குறித்த நேரம் கடந்தமையாற் பிரதி எடுக்கத் தொடங்கவேயில்லை. இவ்வெண்களை மனனஞ்செய்ய வேண்டா. எவ்வெண் எவர் வாயிலிருந்து வந்தது என்று கேட்கும் பழக்கமே வேண்டும்.

அனுபவத்திலிருந்து ஒன்று கூறுவேன். யான் பணியாற்றிய ஓரிடத்தில் ஞாயிறுதோறும் எடுக்கும் முழுப் பிரதி செவ்வனே முடியும். நாளாந்தம் மாற்றங்களை மட்டும் எடுக்கும் சிறு பிரதியோ நடுவிலே அறுந்துபோகும். பெரியது முடிகிறது, சிறியது முடியவில்லை! நாடாவை மாற்றினோம்; சேவரை நிறுத்தி மீளத் தொடக்கினோம்; பயனில்லை. ஈற்றில் விளங்கியது இது: சிறு பிரதிக்கும் ஆர்மன் தளம் முழுவதையும் படித்தே மாறியவற்றைக் கண்டுபிடித்தது. மாற்றமில்லாத பெரும் பகுதியைப் படிக்குங்கால் அனுப்புதற்கு ஒன்றுமில்லை. தொடர்பு நெடுநேரம் மௌனமாயிருக்கும். இடையில் நின்ற ஃபயர்வோல் என்னும் காவற் கருவி, பேச்சில்லாத தொடர்பு இறந்ததெனக் கருதி அறுத்துவிடும். முழுப் பிரதியிலே தரவு இடைவிடாது பாய்ந்தமையால் அத்தொடர்பு பிழைத்தது. மாறிய பகுதிகளைக் குறித்துவைக்கும் வசதியை ஒறக்கிளில் இயக்கியும், தொடர்பு உயிருடன் இருப்பதைக் காட்டும் சிறு செய்திகள் இடையிடையே செல்லுமாறு அமைத்தும் குறையைத் தீர்த்தோம். எது முடிகிறது, எது முடியவில்லை என்னும் வேறுபாட்டை முதல் நாளே எழுதிப் பார்த்திருப்பின் இரண்டு கிழமை வீணாகியிராது.

இனி எல்லாவற்றினும் ஆபத்தானதைக் கூறுவேன். பிழைச் செய்தியை நீக்குதல் வேறு. காப்பினை மீட்டல் வேறு. வட்டிலே இடம் போதாமற் போக, எவரோ ஒருவர் பழைய நாளேடுகள் சிலவற்றைக் கையால் அழித்துவிடுகிறார். அன்றிரவு ஆர்மன் அவற்றைத் தேடிக் காணாது 06059 என்னும் பிழையுடன் நின்றுவிடும். நாளேடு இழந்தமையால் மீட்கும் ஆற்றலுக்கு ஊறு நேர்ந்தது என்று அச்செய்தியே வெளிப்படையாகக் கூறும். இதற்குக் கிறொஸ்செக் என்னும் கட்டளை உண்டு. அதனை இட்டால் இல்லாத நாளேடுகள் இல்லாதன என்று குறிக்கப்படும்; அடுத்த பிரதி தடையின்றி முடியும்; அறிக்கை பச்சை நிறமாகும்; அனைவரும் உறங்கப் போவர். ஆயின் நாளேட்டின் தொடரிலே விழுந்த துளை துளையாகவே இருக்கிறது! முந்திய பேரேட்டுப் பிரதியிலிருந்து மீட்கத் தொடங்கினால் அத்துளையின் விளிம்பு வரையுமே செல்லலாம்; அதற்கு அப்பால் ஒரு வரியும் முன்னேறல் இயலாது. ஆகவே அக்கட்டளையை இட்டவர் அக்கணமே புதிதாக ஒரு முழுப் பிரதி எடுத்தல் வேண்டும். இச்செயலை மறந்தமையாற் பல நாட் காப்பின்றிக் கிடந்த தளங்களை யான் கண்டுளேன். அவற்றின் அறிக்கைகளில் ஒரு பிழையும் இருந்ததில்லை.

அறிக்கையே வாராது போதலும் உண்டு. 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி இரவு கிற்லாப் நிறுவனத்தில் நேர்ந்ததை அந்நிறுவனத்தாரே மறையாது உலகறிய எழுதியுள்ளனர். பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவரின் தரவுகளை அழிப்பதாக எண்ணி முதன்மைச் சேவரிலே கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு கணத்தில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற் அளவே எஞ்சிற்று. காப்புப் பிரதியைத் தேடினர். அமேசன் சேமிப்பகத்தில் அதற்குரிய இடம் வெறுமையாயிருந்தது. அவர்கள் தளம் போஸ்ற்கிறெஸ் 9.6 பதிப்பு, பிரதி எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பினது. பதிப்பு மாறுபட்டமையாற் கருவி தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. தவறிற்று என்னும் மின்னஞ்சல் புறப்பட்டது உண்மை. ஆயின் அனுப்பியவர் மெய்யானவர் என்பதைக் காட்டும் டீமார்க் ஒப்பம் அதற்கு இல்லாமையால், பெறும் சேவர் அதனைத் தள்ளிவிட்டது. வட்டுக்களை முழுமையாகப் படம் பிடிக்கும் ஏற்பாடு வேறு சேவர்களுக்கு இருந்தது. தரவுத்தளச் சேவருக்கு இல்லை. அன்று மாலை வேறொரு சோதனைக்காகக் கையால் எடுத்த ஒரு படமே அவர்களைக் காத்தது. மெதுவான வட்டுக்களிலிருந்து அதனைப் பெயர்த்தெடுத்து, மறுநாள் மாலை 6 மணியளவிலேயே மீளச் சேவையைத் தொடங்கினர். நிரலாளர் இட்ட மூலநிரல்கள் வேறிடத்தில் இருந்தமையால் அவற்றுக்கு ஊறில்லை. எனினும் ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தரவு மறைந்தது: ஏறக்குறைய 5,000 திட்டங்களின் பதிவும், 5,000 குறிப்புரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும்.

அவ்விரவு தவறு செய்தவரைப் பழித்தல் எளிது. யான் அதற்கு உடன்படேன். களைத்த ஒருவர் ஒரு பெயருக்கு மறு பெயரை மயங்குதல் எங்கும் நிகழும். காப்பு இருந்திருப்பின் அது சிறு செய்தியாய் முடிந்திருக்கும்.

எங்கள் ஊர்க் கமக்காரர் விதைநெல்லைப் பட்டடையில் வைத்ததோடு அமைவதில்லை. விதைப்புக்கு முன்னர் ஒரு பிடியை ஈரச் சாக்கில் முளைக்க வைத்துப் பார்ப்பர். காப்புப் பிரதிக்கும் அத்தேர்வு வேண்டும். மைக்கிறோசொவ்ற் எஸ்.கியூ.எல். சேவரில் வெரிபை ஒன்லி என்னும் கட்டளையும், ஆர்மனில் வலிடேற் என்னும் கட்டளையும் பிரதியைப் படித்துப் பார்க்கும், எழுதிப் பாரா. அவை நல்லனவே, ஆயினும் போதா. வேறொரு சேவரில் முழுத் தளத்தையும் மீட்டு, நாளேடுகளை அதன்மேல் ஓட்டி, கணக்குத் திட்டத்தைத் திறந்து, நேற்றைய பதிவொன்றைக் கண்ணாற் காண்டல் வேண்டும். எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். எட்டு மணி நேரம் பொறுக்க இயலாத வைத்தியசாலைக்கு எட்டு மணி நேரத்தில் மீளும் பிரதி இருந்தென்ன?

இதனைப் படிக்கும் மாணவர், கல்லூரிக் கணினியறையிலேயே பயிலலாம். போஸ்ற்கிறெஸ் விலையின்றிக் கிடைப்பது. வகுப்பு மாணவர் பெயரும் புள்ளியும் கொண்ட ஓர் அட்டவணையை அமைத்து, பி.ஜி. டம்ப் கருவியாற் பிரதி எடுத்து, புதிய தளமொன்றில் மீட்டு, இரண்டிலும் வரிகளை எண்ணி ஒப்புநோக்குக. அது கைவந்த பின், வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: கடவுச்சொல்லை மாற்றுக; பிரதி எழுதும் வட்டினை நிரப்பிவிடுக; எடுத்த பிரதியின் ஈற்றுப் பகுதியை வெட்டிவிடுக. ஒவ்வொரு முறையும் தோன்றும் செய்தியைக் கொப்பியில் எழுதி, எக்கருவி அதனைக் கூறிற்று என்பதை அருகே குறித்துக்கொள்க. ஒருவர் கெடுக்க, அதனை அறியாத மற்றொருவர் காரணம் காணுமாறு இருவராய்ச் செய்தல் நன்று. அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளலாம்.